கேட்டுக்கு வெளியே

ஆமத்தூர் விலக்கில் பைக்கை நிறுத்தி என் வீட்டுக்காரர் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினார். விற்ற அம்மா நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்தாள். வண்டியிலிருந்து இறங்காமலே கடித்தார். வெள்ளைச் சட்டையில் பொடி விழுந்துவிடும் என்று கைக்குட்டையை எடுத்து அவர் கழுத்தில் செருகினேன்.

"சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போறியா?" என்றார்.

அந்தச் சட்டையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போட்டிருந்தார். விருதுநகரில் என் தங்கை தஹ்மீனாவின் பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் போய்விட வேண்டும். ரம்ஜான் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, தீபாவளி வரவில்லை. 2008-ஆம் வருஷம்.

வாயில் வெள்ளரியோடுதான் செல்லை எடுத்தார். மறுமுனையில் சீனிச்சாமி. விலக்கிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த பட்டாசுக் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவர். அந்த வண்டி எப்போது படுத்தாலும் திருத்தங்கலில் எங்கள் பட்டறைக்குத்தான் வரும். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. முன்பக்கம் ஜீப் மாதிரி, பின்னால் லோடு ஏற்றத் தொட்டி. அதை முதலாளி தேடிப் பிடித்து வாங்கியது அதிலிருந்த 'லாக்'குக்காக. சாதாரண வண்டியில் பின்சக்கரம் ஒன்று சகதியில் இறங்கிவிட்டால் அது மட்டும் சும்மா சுற்றும், மற்றது அசையாது. இந்த வண்டியில் ஒரு லிவரை இழுத்தால் இரண்டு பின்சக்கரங்களும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும். எந்தச் சகதியிலிருந்தும் ஏறி வந்துவிடும். தரை கெட்டியானதும் லிவரைத் தள்ளி விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிட்டால் வண்டி திரும்பாது.

"பாய், லாக்கு விளுந்தது எடுக்க மாட்டேங்குது" என்று சீனிச்சாமி கத்தியது எனக்கும் கேட்டது. "ஸ்டேரிங்க எம்புட்டு ஒடிச்சாலும் நேராத்தேன் போகுது. அடம் பிடிச்ச மாடு தோத்துச்சு போங்க. லாரி வேற வந்து நிக்கி."

"உள்ள போல்ட்டு ஒடிஞ்சிருக்கும்யா. வாறேன்" என்றார் இவர்.

"இந்தச் சட்டையோடவா?" என்றேன்.

"அரை மணி நேர வேலை சுமி. போற வழிதான. மழை வந்துட்டா அப்புறம் அந்தப் பாதையில நாமளும் போக முடியாது."

மழை முந்தின நாட்களிலேயே பெய்திருந்தது. கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் திணிந்து, வழியில் இரண்டு முறை இறங்கிக் குச்சியால் நோண்டி எடுத்தோம். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர் விசிலடித்துக்கொண்டு போனார்.

கம்பெனி கேட்டுக்கு முன்னால் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அந்தப் பக்கத்தில் எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம்தான். கேட்டில் செருப்பைக் கழற்ற வேண்டும். தீப்பெட்டி, பீடி, செல் எல்லாவற்றையும் கூடையில் போட வேண்டும். உடம்பிலுள்ள கரண்ட் மண்ணுக்குப் போகச் செம்புத் தகட்டில் கையை வைத்து எடுத்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். உள்ளே இரும்பு இரும்பைத் தொடக் கூடாது, சுத்தியல்கூடப் பித்தளை. தூக்குவாளியைக் கீழே வைக்கிற பெண்கூட பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல வைப்பாள். அதே பெண் சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் வாளியை வீசிக்கொண்டு நடப்பாள், ஆண்கள் பீடியைப் பற்றவைத்துக் குச்சியைத் தோளுக்குப் பின்னால் எறிவார்கள். செருப்பைக் கழற்றும்போது பயத்தை மாட்டிக்கொள்வார்கள், செருப்பை மாட்டும்போது பயத்தைக் கழற்றிவிடுவார்கள்.

உள்ளே ரிப்பேர் வேலை பார்க்கக் கூடாது என்பதால் வண்டியைக் காலையிலேயே டிராக்டரில் கயிறு கட்டி வெளியே இழுத்திருந்தார்கள். வெளியே வந்த வண்டி பாதைப் பக்கம் திரும்ப மறுத்து, நேராகப் போய் எதிரிலிருந்த பொட்டலில் நின்றுவிட்டது. கம்பெனிக் கழிவை எரிக்கிற பொட்டல் அது. தரை சாம்பலும் கறுப்புமாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. ஓரத்தில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, நாலு மூலையிலும் கல் வைத்த ஒரு குவியல். லாரிக்குப் போகிற சரக்கு என்று நினைத்தேன். மழையால் சில நாட்களாக எரிக்க முடியாமல் சேர்த்து வைத்திருந்த கழிவு மருந்தும், ஒதுக்கிய வெடிகளும் அது என்று பிறகுதான் தெரிந்தது. அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். கேட்டுக்கு வெளியே இருந்ததால் அதை யாரும் மருந்து என்று நினைக்கவில்லை, குப்பை என்றுதான் நினைத்தார்கள்.

வண்டிக்குப் பக்கத்தில் நான் உட்காரப் போனபோது ஒரு பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். சொர்ணலட்சுமி என்று பேர். கையெல்லாம் அலுமினியப் பொடி, வெள்ளியில் செய்த கைபோல மின்னியது.

"அங்கன உக்காராதீக பாயம்மா. மருந்து மண்ணு. சேலையில ஒட்டுச்சுன்னா எம்புட்டுத் துவைச்சாலும் போகாது."

சேலையைப் பற்றித்தான் அவளும் சொன்னாள்.

இவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு வண்டிக்குப் பின்னால் அடியில் நுழைந்தார். பின் அச்சின் நடுவிலிருக்கும் பல்சக்கரப் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் ஆயில் கொட்டியது. சாப்பாட்டு நேரம். தூக்குவாளியோடு வெளியே வந்த பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன பாய், அடியில படுத்து ஒறங்குதீகளா?"

"ஒறங்கலம்மா, ஒங்க போர்மேனுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கேன்."

பெண்கள் சிரித்தார்கள். "எங்க வீட்டுக்காரருக்கும் இந்த வேலை வாங்கிக் குடுங்க" என்றாள் சொர்ணலட்சுமி. "படுத்துக்கிட்டே பாக்குற வேலைக்குத்தேன் அவரு இருவது வருசமாத் தேடிக்கிட்டு இருக்காரு."

அடியிலிருந்து இவர் எனக்கு விளக்கினார். பட்டறை வீட்டோடு சேர்ந்தது என்பதால் எனக்குச் சொன்னால் புரியும். லாக்கைத் தள்ளுகிற இரும்புக் கவை ஒன்று உள்ளே இருக்கிறது. அதைப் பிடித்திருந்த போல்ட் பாதியில் ஒடிந்து, மிச்சப் பாதி திருகு மரைக்குள்ளேயே சாய்ந்து நிற்கிறது. அதை எடுத்துவிட்டு வேறு போல்ட் போட்டால் முடிந்தது. வண்டி லேசான சரிவில் நின்றதால் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். ஈரத் தரையில் கல்.

"சீனி, ஏறி உக்காந்து லிவர லேசாத் தள்ளு. மெதுவா."

சீனிச்சாமி தள்ளினார். கடக்கென்று ஒரு சத்தம். வண்டி கல்லோடு சேர்ந்து அரை விரல் அளவுக்கு வழுக்கி நின்றது. அவ்வளவுதான்.

அவர் கத்தவில்லை. வயிற்றில் யாரோ மிதித்ததுபோல ஒரு மூச்சு வெளியே வந்தது. நான் குனிந்து பார்த்தேன். வலது கை பெட்டிக்குள் மணிக்கட்டு வரை போயிருந்தது. பெரிய பல்சக்கரத்துக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவில் விரல்கள். ஒழுகிக்கொண்டிருந்த ஆயில் கறுப்பிலிருந்து சிவப்பாக மாறியது.

"ஒருத்தரும் வண்டியத் தொடாதீக" என்றார். "கல்லை நல்லா முட்டுக் குடுங்க. சுமி, இங்க பாரு. பல்லு பின்னால போனா கை வந்துரும். பின்னால போகவிடாம ஒடிஞ்ச போல்ட்டு முட்டிக்கிட்டு நிக்குது. அது வெளிய வரணும். வேற ஒண்ணுமில்ல. அது வந்தா கை வந்துரும்."

சீனிச்சாமி இறங்கி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ பாய், நாந்தேன் தள்ளுனேன்..."

"நான் சொன்னேன், நீ தள்ளுன. அழுகைய அப்புறம் வச்சுக்க. உளியும் சுத்தியலும் எடு."

சத்தம் கேட்டு போர்மேன் சுந்தரபாண்டி வந்தார். பெரிய உடம்பு, கழுத்தில் சிவப்புத் துண்டு. காலையிலிருந்து லாரிக்காரன் அவரை ஏசிக்கொண்டிருந்தான். வானம் தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. அவர் குனிந்து ஒரு பார்வை பார்த்தார்.

"டிராக்டர்ல மாட்டிப் பின்னால ஒரு இளுப்பு இளுத்தா கை தன்னால வந்துரும்."

"வேண்டாம்ணே" என்றார் இவர். "போல்ட்டு இருக்க வரைக்கும் பல்லு பின்னால போகாது. எலும்புதான் போகும்."

"சும்மா கெடங்க பாய். எத்தன வண்டி பாத்திருக்கேன். ஏலே, கயித்த மாட்டுலே!"

நான் வேண்டாம் என்றேன். சீனிச்சாமி வேண்டாம் என்றார். டிராக்டர்க்காரன் போர்மேன் முகத்தைத்தான் பார்த்தான். கயிறு விறைத்தது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

பச்சைக் குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். அப்போதுதான் இவர் கத்தினார். 'அத்தா' என்று தகப்பனாரைக் கூப்பிட்டார். அவருடைய அத்தா இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"இன்னொரு தடவ!" என்றார் சுந்தரபாண்டி.

ஜாக்கி கம்பி என் காலடியில் கிடந்தது. எடுத்தேன். சுந்தரபாண்டி தலையில் அடித்தேன். யாரையும் அதற்கு முன் நான் அடித்ததில்லை. ஒரு கையில் சட்டை இருந்ததால் மறு கையால்தான் அடித்தேன். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அவர் மண்டியிட்டு விழுந்தார். எழுந்து என் தலைமுடியைப் பிடித்தார். சீனிச்சாமி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, வாயிலேயே குத்தினார். மறுபடி குத்தினார்.

"பொம்பள மேலயா கை வைக்குத? பொம்பள மேலயா?"

"ஏலே சீனி, ஒன் சோலி முடிஞ்சதுலே!"

"ஒஞ்சோலியப் பாருலே மொதல்ல!"

பெண்கள் டிராக்டரைச் சுற்றிக்கொண்டார்கள். சொர்ணலட்சுமி கயிற்றை அவிழ்த்து டிராக்டர்க்காரன் மடியில் எறிந்தாள். "இன்னொரு வாட்டி வண்டிய எடுத்த, சக்கரத்துக்கு அடியில என்னையப் போட்டு எடுத்துக்க" என்றாள். யாரோ சுந்தரபாண்டியைப் பைக்கில் ஏற்றி ஆமத்தூருக்குத் தையல் போடக் கூட்டிப் போனார்கள். போகிற வரைக்கும் அவர் பேசிக்கொண்டே போனார். "நாளைக்கி ஒருத்தி கேட்டுக்குள்ள வரமாட்டீக. பாத்துக்கிடுதேன்."

ஆஸ்பத்திரி வண்டி தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது, சகதியில் உள்ளே வர முடியவில்லை என்று செய்தி வந்தது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான்.

"தாயீ, ரத்தம் போய்க்கிட்டே இருக்கு. விரல எடுத்துட்டா ஆளு பொளச்சுக்கிடுவாக. அரிவாள் இருக்கு. நீ ஒரு வார்த்த சொல்லணும்."

அடியிலிருந்து அவருக்கு அது கேட்டுவிட்டது.

"விரலக் குடுக்க மாட்டேன்" என்றார். "சுமி! யாரு வந்து சொன்னாலும் தலையாட்டாத. ஸ்பானர் பிடிக்கிற கை. அது இல்லாம என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் என்ன செய்யப் போற?"

நான் வாட்ச்மேனிடம் வேண்டாம் என்றேன்.

சீனிச்சாமி மறுபக்கமாக அடியில் படுத்து, உளியைப் போல்ட்டின் ஓரத்தில் வைத்து இடது பக்கமாகத் திருகிவர அடித்தார். முதலில் பழக்கதோஷத்தில் பித்தளைச் சுத்தியலைத்தான் உள்ளேயிருந்து வாங்கி வந்தார். அதன் முகம் நசுங்கியது. பிறகு "வெளிய தான இருக்கோம்" என்று எங்கள் இரும்புச் சுத்தியலை எடுத்தார். ஒவ்வொரு அடியும் இரும்பு வழியாக இவர் கைக்குள் போனது. அடிக்கு அடி இவர் உடம்பு மண்ணில் துள்ளியது. நான் அவர் தலையை மடியில் வைத்து அமுக்கிப் பிடித்தேன். சீனிச்சாமி அழுதுகொண்டே அடித்தார். இவர் அவரை ஏசிக்கொண்டே இருந்தார். "அடிலே. தடவிக் குடுக்காத, அடி. கொசுவா அடிக்கிற?" உளி வழுக்கிச் சுவரில் பட்டுப் பொறி பறந்தது. போல்ட் அசையவில்லை.

"மரை பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்றார் கடைசியில். உதடு வெளுத்திருந்தது. "சூடு காட்டுனாத்தான் விடும். சின்னச்சாமியக் கூப்பிடு."

சின்னச்சாமி ஆமத்தூரில் கேஸ் வெல்டிங் வைத்திருந்தவர். தொழிலில் இவருக்கும் அவருக்கும் ஒத்தே போகாது. ஒரே ஆட்டோவின் சேஸிஸை இருவரும் மாற்றி மாற்றி ஒட்டி, மற்றவர் வேலையைக் கேலி பேசுவார்கள். லோடு ஆட்டோ சகதியில் நின்றுவிட, சிலிண்டர்களை ஆட்கள் தோளில் தூக்கி வந்தார்கள். சின்னச்சாமி குனிந்து பார்த்தார். முகம் கோணியது. உடனே சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"என்ன பாய், கைய உள்ள குடுத்து அளவு பாக்கீகளா?"

"ஆமா, ஒன் வெல்டிங்க விட ஸ்ட்ராங்கா பிடிச்சிருக்கு. சீக்கிரம் பத்தவை."

சின்னச்சாமி தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். "இது எரிக்கிற எடமாச்சேய்யா."

"தண்ணி ஊத்துங்கடி!" என்று கத்தினாள் சொர்ணலட்சுமி.

பெண்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். வண்டிக்கு அடியிலும், சுற்றி நாலு பக்கமும் சகதியாகும் வரை ஊற்றினார்கள். சாக்குகளை நனைத்து விரித்தார்கள். ஒருத்தி ஊற்றிய தண்ணீர் இவர் முகத்தில் விழ, "குளிப்பாட்டிக் கபன் போட்டுறாதீகம்மா" என்றார். கபன் என்பது பிணத்துக்குச் சுற்றும் துணி என்று அவர்களுக்குத் தெரியாது. நான் அவர் வாயைப் பொத்தினேன். சகதியைப் பார்த்து எல்லோருக்கும் நிம்மதி வந்தது. அது போதும் என்று நினைத்தோம். வண்டியைச் சுற்றி அது போதுமானதாகவும்தான் இருந்தது. விழுந்த ஒவ்வொரு பொறியும் சகதியில் சீறி அணைந்தது.

கையை நெருப்பிலிருந்து காக்க ஈரத் துணி வேண்டும் என்றார் சின்னச்சாமி. என் கையில் அந்த வெள்ளைச் சட்டை இருந்தது. குடத்தில் முக்கி, பிழியாமல், அவர் மணிக்கட்டைச் சுற்றி உள்ளே எவ்வளவு போகுமோ அவ்வளவு திணித்தேன். விரல்கள் இருக்கும் இடம் வரை என் விரல் போனது. அங்கே தொட்டது எது என்று எனக்குத் தெரியவில்லை. சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மடித்து அவர் பல்லுக்கு நடுவில் கொடுத்தார்கள்.

தீ நாக்கு நீலமாக வந்தது. ஒரு சாண் தூரத்தில் கை. போல்ட் மெல்லச் சிவக்கத் தொடங்கியபோது துணியிலிருந்து ஆவி வந்தது. பிறகு ஆயில் கருகுகிற வாடை. பிறகு வேறொரு வாடை. அவர் முதுகு வில்லாக வளைந்து வண்டியின் அடிச்சட்டத்தில் இடித்தது. காலை உதைத்தார். சொர்ணலட்சுமி சகதியில் உட்கார்ந்து, அந்த இரண்டு கால்களையும் தன் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவர் உதைத்த உதை அவள் தாடையில் பட்டது. அவள் விடவில்லை. "உதை ராசா, நல்லா உதை. எம் பிள்ளை உதைக்காத உதையா?" என்றாள். வேறு பெண்கள் துணி மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் டியூப்பைத் துப்பிவிட்டு என் கையைக் கடித்தார். அந்தத் தழும்பு இருக்கிறது.

"போதும், செவந்துருச்சு" என்றார் சின்னச்சாமி. "பிடி சீனி!"

சீனிச்சாமி குறட்டால் போல்ட்டைக் கவ்வி இடது பக்கம் திருகினார். தோள் நரம்பு புடைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம்.

"வருது!"

"நிறுத்தாதலே. ஆறுனா பிடிச்சுக்கிடும். திருகு, திருகு..."

ஒடிந்த போல்ட் வெளியே வந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அடுத்த கணமே ஆட்கள் சக்கரத்தைக் கம்பியால் நெம்ப, பல் பின்னால் போனது. அவர் தாமே கையை இழுத்துக்கொண்டு உருண்டு வெளியே வந்தார்.

பெண்கள் குலவை போட்டார்கள். சாமி கும்பிட்டுக் குலவை போடுகிற அதே சத்தம். சீனிச்சாமி தரையில் விழுந்து சிரித்தார். சின்னச்சாமி தீயை அணைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். இவர் சகதியில் உட்கார்ந்திருந்தார். கறுப்பும் சிவப்புமாக நனைந்த சட்டைச் சுருளுக்குள் கை இருந்தது. அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அஞ்சும் இருக்கா பாரு சுமி."

"இப்பப் பிரிக்காதீக பாய், ரத்தம் பிச்சுக்கிட்டு வரும்" என்றார் சின்னச்சாமி. "ஆஸ்பத்திரியில போய்ப் பிரிச்சுக்கிடலாம்."

"இருக்குங்க" என்றேன். நான் பார்க்கவில்லை.

"தண்ணி குடு."

குடங்கள் எல்லாம் காலி. கேட்டுக்கு உள்பக்கம், சுவரை ஒட்டிக் குழாய் இருந்தது. ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் சீனிச்சாமி குறட்டோடு போல்ட்டை நீட்டுவது கேட்டது.

"இந்தாங்க பாய், ஒங்க எதிரி. கண்ணாடிப் பெட்டியில போட்டு வைங்க."

"இதையா? கொண்டா இங்க."

திரும்பிப் பார்த்தேன். இடது கையால் குறட்டை வாங்கினார். போல்ட்டின் சிவப்பு போய்க் கறுத்திருந்தது. கறுத்த இரும்பில் சூடு இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

"எறிங்க பாய், எட்ட எறிங்க!" என்று பெண்கள் கத்தினார்கள்.

வேண்டாத துண்டைப் பட்டறையில் எப்படி எறிவாரோ அப்படித்தான் எறிந்தார். இடது கை என்பதால் போக வேண்டிய பக்கம் போகாமல் ஓரமாகப் போயிற்று. நீலத் தார்ப்பாயின் மேல் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். அது சரக்கு என்று நினைத்தவள் நான். சரக்கு இல்லை என்று தெரிந்தவர்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கேட்டில் செருப்பைக் கழற்றினேன். செம்புத் தகட்டில் கையை வைத்தேன். குழாயைத் திறந்து குடத்தை வைத்தேன். தண்ணீர் குடத்தின் அடியில் விழும் சத்தம் கேட்டது.

முதலில் வெளிச்சம். குழாய்த் தண்ணீர் ஒவ்வொரு துளியாகத் தெரிந்தது. சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சுவர் என்னை நோக்கி ஒரு அடி வந்து நின்றதுபோல இருந்தது. கேட்டின் இரும்புக் கதவு தாளைப் பிடுங்கிக்கொண்டு என் தலைக்கு மேலே பறந்து போயிற்று. வெளியே வரிசையாகக் கிடந்த செருப்புகள் எல்லாம் உள்ளே வந்து விழுந்தன, மழைபோல. அதற்குப் பிறகு இன்னொன்று, சிலிண்டர். அதற்குப் பிறகு குவியலிலிருந்த வெடிகள் ஒன்றொன்றாக, பல வண்ணத்தில், பட்டப்பகலில்.

எழுந்து வெளியே போனேன். குடத்தைக் கையில் வைத்திருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். வண்டி கவிழ்ந்து எரிந்துகொண்டிருந்தது. கால் இல்லாத ஒருவர் கையை ஊன்றி என்னை நோக்கி வந்தார், முகம் கறுப்பு. சீனிச்சாமி என்று குரலில் தெரிந்தது. "பாயப் பாருங்க, பாயப் பாருங்க" என்றார். அதைச் சொல்லிக்கொண்டே குப்புற விழுந்தார். சொர்ணலட்சுமி மல்லாந்து கிடந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே ஆகவில்லை. கழுத்துக்குக் கீழே பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே போட்டேன். அவரைத் தேடினேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் சகதி காய்ந்து ஓடுபோல வெடித்திருந்தது. யாரோ என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் அவர்களையும் அடித்தேன்.

கேட்டுக்கு உள்ளே ஒரு அறைகூடப் பற்றவில்லை.

அன்று சாயங்காலம் சுந்தரபாண்டி நெற்றியில் கட்டோடு ஆமத்தூரிலிருந்து திரும்பி வந்தார். எரிந்தவர்களின் ஊர்க்காரர்கள் அவரைப் பைக்கிலிருந்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விலாவில் மூன்று எலும்பு. நான் அடித்திருக்காவிட்டால் அவரும் அந்தப் பொட்டலில்தான் நின்றிருப்பார். பல மாதங்கள் கழித்து வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றுவிட்டுப் போனார். நான் உட்காரச் சொல்லவில்லை.

விருதுநகரிலிருந்து தஹ்மீனாவின் வீட்டுக்காரர் காதர் பாட்சா வந்து என்னை ஆஸ்பத்திரிப் பிணவறைக்குக் கூட்டிப்போனார். "நீங்க பாக்க வேண்டாம் மச்சி, நான் பாத்துச் சொல்றேன்" என்றார். அவர் உள்ளே போய் வந்தார். அழுதார். "யாரு எதுன்னு தெரியல மச்சி" என்றார். முகம் இல்லாதவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே உயரம்.

நான் உள்ளே போனேன். வலது கையைக் காட்டுங்கள் என்றேன்.

இரண்டாவது ஆளுக்கு வலது கையில் துணி சுற்றியிருந்தது. உடம்பெல்லாம் எரிந்தும் அது முழுதாக எரியவில்லை, அவ்வளவு ஈரத்தில் முக்கியிருந்தேன். வெள்ளை எங்கேயும் தெரியவில்லை. காலர் பட்டனைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். அங்கே வேலை பார்த்தவர் தொடாதீங்கம்மா என்றார். நான் பிரித்தேன். கடைசிச் சுற்று தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். நனைத்து நனைத்து எடுத்தேன்.

செத்தவர்கள் இத்தனை பேர் என்று முதலில் ஒரு கணக்குச் சொன்னார்கள், பிறகு வேறொன்று. பீடியால் பற்றியது என்று சிலர் சொன்னார்கள், சிலிண்டர்தான் முதலில் வெடித்தது என்று சிலர். கேஸ் பல வருஷம் நடந்தது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் வேறு மாதிரிச் சொன்னார்கள், கேட்டுக் கேட்டு எனக்கே சில விஷயங்கள் குழம்பிப் போயின.

விரல்கள் நசுங்கியிருந்தன. நடுவிரல் பின்பக்கமாக மடங்கியிருந்தது, இரண்டில் நகம் இல்லை. ஆனால் ஐந்தும் இருந்தன.